அரை மணி நேரத்தில் ஒரு செனட்டரைத் திணறடித்தவர்... யார் இந்த எட்வர்ட் மர்ரோ?

1954, மார்ச் 9. செவ்வாய்க்கிழமை இரவு 10.30 மணி. நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் கன்ட்ரோல் ரூம். மானிட்டர்களுக்கு முன்னால் கோட், டை சகிதம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விரல் இடுக்கில் சிகரெட். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் செய்யப்போவது, அமெரிக்காவில் பெரிய பெரிய அரசியல்வாதிகளே செய்யத் தயங்கிய காரியம். ஜோசப் மெக்கார்த்தி என்ற செனட்டரை, பெயர் சொல்லி, தேசிய தொலைக்காட்சியில் எதிர்ப்பது.

அந்த நிகழ்ச்சிக்கு அவர் வேலை பார்த்த சேனல் விளம்பரம்கூட கொடுக்கவில்லை. அவரும் தயாரிப்பாளரும் சொந்தக் காசைப் போட்டுத்தான் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் வெளியிட்டார்கள். அதில் சேனலின் சின்னம்கூட கிடையாது.

அன்று இரவு அவர் ஜெயித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் மெக்கார்த்தியின் செல்வாக்கு சரிந்துபோனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. செனட்டரை வீழ்த்திய அதே நிகழ்ச்சி, நான்கு ஆண்டுகளில் அதே சேனலில் இடமில்லாமல் மூடப்பட்டது. அதை மூடவைத்தது எந்த அரசியல்வாதியும் இல்லை.

டிவி அரசியல் இதழியலின் முன்னோடி என்று சொல்லப்படும் எட்வர்ட் ஆர். மர்ரோவின் கதை இது.

மரம் வெட்டும் முகாமிலிருந்து மைக் வரை

1908 ஏப்ரல் 25-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மர்ரோ. பெற்றோர் வைத்த பெயர் எக்பர்ட் ராஸ்கோ மர்ரோ. பின்னாளில் அவரே எட்வர்ட் என்று மாற்றிக்கொண்டார். அவருக்கு சுமார் ஆறு வயது இருக்கும்போது குடும்பம் நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு மரம் ஏற்றிச் செல்லும் ரயிலில் வேலை. மகனும் கோடை விடுமுறையில் மரம் வெட்டும் முகாம்களில் உடல் உழைப்பு செய்துதான் படித்தார்.

கல்லூரியில் அவர் எடுத்த பாடம் இதழியல் இல்லை, பேச்சுக்கலை. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன். இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டு உடல் குறுகிப்போன அந்த ஆசிரியைதான் மர்ரோவின் குரலைச் செதுக்கியவர். எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம், பத்து ஆண்டுகள் கழித்து கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் காதில் விழுந்தது.

1930-ல் பட்டம் வாங்கிய பிறகு நியூயார்க் வந்தார். சர்வதேசக் கல்வி நிறுவனம் ஒன்றில் வேலை. அப்போதுதான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வருகிறார். யூதர்கள் என்பதற்காகவும், அரசுக்கு எதிரானவர்கள் என்பதற்காகவும் பேராசிரியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். அவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்துவரும் குழுவில் துணைச் செயலாளராக இருந்தார் மர்ரோ. ஒருவரின் அரசியலைச் சொல்லி அவரது பிழைப்பைப் பறிப்பது எப்படி இருக்கும் என்று இருபதுகளின் நடுவிலேயே கிட்ட இருந்து பார்த்துவிட்டார். 20 ஆண்டுகள் கழித்து அதையே சொந்த நாட்டில் பார்க்கவேண்டி வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

லண்டன் மொட்டைமாடியில் ஒரு குரல்

1935-ல் சிபிஎஸ் வானொலியில் சேர்ந்தார். 1937-ல் ஐரோப்பியப் பிரிவின் பொறுப்பாளராக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். வேலை என்னன்னா, வானொலிக்கு ஆட்களைப் பேச ஏற்பாடு செய்வதுதான். அவர் செய்தியாளரே கிடையாது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது எல்லாம் மாறியது. வியன்னாவில் இருந்த சக ஊழியர் வில்லியம் ஷைரரை செய்தி சொல்வதற்காக லண்டனுக்கு வரவழைத்துவிட்டு, மர்ரோ தனி விமானம் பிடித்து வியன்னாவுக்குப் போனார். மார்ச் 13 அன்று பல ஐரோப்பிய நகரங்களிலிருந்து செய்தியாளர்கள் வரிசையாக நேரலையில் பேசினார்கள். பல ஊர்களில் இருக்கும் நிருபர்களை ஒரே நிகழ்ச்சியில் மாற்றி மாற்றி இணைக்கிறார்களே, அந்தப் பாணிக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஒலிபரப்புகளில் அது முக்கியமானது. மர்ரோ செய்தியாளராக மைக்கில் பேசியதும் அன்றுதான் முதல்முறை.

1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்டன. மக்கள் பாதாள அறைகளுக்கு ஓடும்போது, மர்ரோ மைக்கைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். பிரிட்டிஷ் அதிகாரிகள் சும்மா அனுமதி கொடுத்துவிடவில்லை. பல சோதனைப் பதிவுகளைச் செய்துகாட்டிய பிறகுதான் நேரலைக்குத் தலையாட்டினார்கள். இது லண்டன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு செய்தியையும் தொடங்குவார். முதல் சொல்லுக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தம் ஆசிரியை ஐடா லூவின் யோசனை.

அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. எங்கோ நடக்கும் சண்டை என்று இருந்த மக்களின் வரவேற்பறைக்குள், சைரன் சத்தமும் விமான எதிர்ப்பு பீரங்கி சத்தமும் வந்து விழுந்தன. லண்டனில் அவரது அலுவலகமே ஒருமுறைக்கு மேல் குண்டுவீச்சில் சிக்கியது. பிறகு மேலிடம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், குண்டுவீச்சு விமானங்களில் ஏறி 20-க்கும் மேற்பட்ட முறை போர்க்களத்துக்கு மேலே பறந்தார்.

1945 ஏப்ரல் 12-ல், விடுவிக்கப்பட்டு ஒரே நாள் ஆன புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமுக்குள் போனார். விறகுபோல அடுக்கி வைக்கப்பட்ட உடல்கள். கையில் எண் பச்சை குத்தப்பட்ட குழந்தைகள். மூன்று நாள் கழித்துத்தான் அதைப் பற்றி அவரால் வானொலியில் பேச முடிந்தது. கண்டதில் ஒரு பகுதியை மட்டுமே சொல்வதாகவும், மீதிக்கு வார்த்தை இல்லை என்றும் சொன்னார்.

ரேடியோ நாயகன் டிவிக்கு வந்தது எப்படி?

போர் முடிந்து நாடு திரும்பியபோது மர்ரோ ஒரு நட்சத்திரம். சிபிஎஸ் அவரைத் துணைத் தலைவராக்கியது. ஆனால் நிர்வாக நாற்காலி பிடிக்கவில்லை. 1947-ல் மறுபடியும் மைக்குக்கே வந்துவிட்டார்.

டிவி மீது அவருக்கு முதலில் பெரிய நம்பிக்கை இல்லை. 1950-ல் அமெரிக்காவில் 100 வீட்டில் 9 வீட்டில்தான் டிவி இருந்தது. தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியுடன் சேர்ந்து 1951 நவம்பர் 18-ல் 'சீ இட் நவ்' என்ற வாராந்திர நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சியிலேயே நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தையும் சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு மானிட்டர்களில் நேரலையில் காட்டினார். நாட்டின் கிழக்குக் கடற்கரையும் மேற்குக் கடற்கரையும் ஒரே திரையில் வந்தது அன்றைக்கு அதிசயம்.

இதோடு 1953-ல் 'பெர்சன் டு பெர்சன்' என்ற இன்னொரு நிகழ்ச்சி. பிரபலங்களின் வீட்டுக்கு கேமராவை அனுப்பி, ஸ்டுடியோவில் இருந்தபடியே அவர்களுடன் பேசுவது. ஜான் எஃப். கென்னடி முதல் மர்லின் மன்றோ வரை வந்தார்கள். செம ஹிட். கனமான நிகழ்ச்சியும் ஜாலியான நிகழ்ச்சியும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. காசு கொண்டுவந்தது ஜாலியான நிகழ்ச்சிதான்.

மெக்கார்த்தி யார்? ஏன் அவ்வளவு பயம்?

விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. 1950 பிப்ரவரியில் ஒரு மேடையில், வெளியுறவுத் துறைக்குள் ஊடுருவிய கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக அறிவித்தார். எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு மேடையிலும் மாறிக்கொண்டே இருந்தது. ஆதாரம் வந்தபாடில்லை.

ஆனால் சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துவிட்ட காலம். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. கொரியாவில் போர். அமெரிக்கர்கள் பயந்துபோய் இருந்தார்கள். அந்தப் பயத்தில் மெக்கார்த்தி குளிர்காய்ந்தார். விசாரணைக் குழு கூப்பிட்டாலே வேலை போய்விடும் என்ற நிலை. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சினிமாக்காரர்கள் என்று பலரின் வாழ்க்கை சந்தேகத்தின் பேரிலேயே நொறுங்கியது.

ஒரு தந்தை, ஒரு மகன், திறக்காத உறை

மெக்கார்த்தியை நேரடியாகத் தொடுவதற்கு முன், 1953 அக்டோபர் 20-ல் மர்ரோ ஒரு சாதாரண இளைஞரின் கதையை எடுத்தார். மிலோ ரடுலோவிச். மிச்சிகன் மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த விமானப்படை ரிசர்வ் லெப்டினன்ட். அவரைப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று விமானப்படை நீக்க முடிவு செய்தது.

அவர் என்ன செய்தார்? ஒன்றும் இல்லை. அவருடைய விசுவாசத்தை யாரும் சந்தேகப்படவே இல்லை. செர்பியாவிலிருந்து குடியேறிய அவரது அப்பா, தாய்மொழிப் பத்திரிகை ஒன்றை வாங்கிப் படித்தார். தங்கையின் அரசியல் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். விசாரணையில் குற்றச்சாட்டுகள் இருந்த உறையைத் திறந்துகூடக் காட்டவில்லை. அப்பாவையும் தங்கையையும் கைவிட்டால் தப்பிக்கலாம் என்ற நிலை வந்தபோது, மிலோ முடியாது என்றார்.

மர்ரோ குழு அந்த ஊருக்கே போய் கேமராவை வைத்தது. மகனுக்காகக் கெஞ்சும் வயதான அப்பா, அக்கம்பக்கத்துக்காரர்கள், வக்கீல் எல்லோரும் பேசினார்கள். இந்த நிகழ்ச்சிக்கும் சேனல் விளம்பரம் கொடுக்க மறுத்து, மர்ரோவும் ஃப்ரெண்ட்லியும் சொந்தமாக 1,500 டாலர் போட்டார்கள். ஐந்தே வாரத்தில் விமானப்படைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி, மிலோ பதவியில் தொடரலாம் என்று அறிவித்தார்.

அந்த 30 நிமிடத்தில் என்ன நடந்தது?

மெக்கார்த்தி பற்றிய நிகழ்ச்சிக்காகக் குழு பல மாதமாக ஃபிலிம் சேகரித்துக்கொண்டே இருந்தது. ஒளிபரப்புக்கு முன் மர்ரோ தன் குழுவினரிடம், மெக்கார்த்தி பிடித்து ஆட்டக்கூடிய மாதிரி யாருடைய கடந்த காலத்திலாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். பயம் அந்த அறைக்குள்ளும் இருந்தது.

நிகழ்ச்சியின் உத்தி ரொம்ப எளிமையானது. மெக்கார்த்தியைப் பற்றி யாரும் பேட்டி கொடுக்கவில்லை. மெக்கார்த்தியே பேசினார். அவர் மேடையில் பேசியது, விசாரணையில் சாட்சிகளை மிரட்டியது, சிரித்தது, ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னது என எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு உண்மை என்ன என்பதை மர்ரோ சொன்னார். அவருடைய பேச்சே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆனது.

முடிவில் கேமராவை நேராகப் பார்த்து, குற்றம் சாட்டுவதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல என்றார் மர்ரோ. மாற்றுக் கருத்தைத் தேசத்துரோகமாக நினைக்கக் கூடாது என்றார். இந்தப் பயத்தை மெக்கார்த்தி உருவாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டார், அதனால் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

போன்கால்களும் தந்திகளும் குவிந்தன. ஆதரவு 15 என்றால் எதிர்ப்பு 1.

மெக்கார்த்திக்குப் பதில் சொல்ல நேரம் தருவதாக மர்ரோ முன்பே சொல்லியிருந்தார். ஏப்ரல் 6-ல் மெக்கார்த்தி வந்தார். மர்ரோ காட்டிய எந்த உண்மைக்கும் பதில் இல்லை. மர்ரோவே கம்யூனிஸ்டுகளின் ஆள் என்று குற்றம்சாட்டினார். நிகழ்ச்சி எதைச் சொன்னதோ, அதை அவரே நிரூபித்துவிட்டுப் போனார்.

அதே மாதம் ராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் இடையிலான விசாரணை டிவியில் நேரலையாகத் தொடங்கியது. கேலப் கருத்துக்கணிப்பில் ஜனவரியில் 50 சதவீதமாக இருந்த அவரது ஆதரவு, ஜூனில் 34 சதவீதமாக இறங்கியது. டிசம்பர் 2-ல் 67-க்கு 22 என்ற வாக்குகளில் செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மூன்றாண்டுகள் கழித்து 48 வயதில் அவர் இறந்துபோனார்.

மர்ரோ மட்டும்தான் காரணமா?

இல்லை. சில பத்திரிகையாளர்களும் செனட்டர்களும் மர்ரோவுக்கு வெகுமுன்பே மெக்கார்த்தியை எதிர்த்தார்கள். அதற்கான விலையையும் கொடுத்தார்கள். மர்ரோ வந்தது நான்கு ஆண்டு தாமதமாகத்தான்.

இன்னொரு உறுத்தலான விஷயமும் உண்டு. 1950 டிசம்பரில் சிபிஎஸ் தன் ஊழியர்கள் எல்லோரிடமும் விசுவாசப் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்டது. மர்ரோ கையெழுத்துப் போட்டார். தயங்கியவர்களையும் போடச் சொன்னார். பயத்துக்கு எதிராகப் பேசியவர், அதே பயத்துக்கு ஒருமுறை வளைந்தும் கொடுத்தார்.

நிகழ்ச்சியை வீழ்த்திய 64,000 டாலர்

அன்றைய அமெரிக்க டிவியில் ஒரு நிகழ்ச்சியின் மொத்தச் செலவையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் ஏற்கும். 'சீ இட் நவ்' நிகழ்ச்சியைத் தாங்கியது அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம். மெக்கார்த்தி விவகாரத்தில்கூட அது விலகவில்லை. ஆனால் வாராவாரம் சர்ச்சை என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்? 1955-ல் அல்கோவா கைகழுவியது.

அதே ஆண்டு ஜூனில், செவ்வாய் இரவு 10 மணிக்கு, மர்ரோவின் நிகழ்ச்சிக்கு முந்தைய அரை மணி நேரத்தில், சிபிஎஸ்-ல் ஒரு புது நிகழ்ச்சி வந்தது. '64,000 டாலர் கொஸ்டின்'. சரியான பதிலுக்குப் பரிசு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் வினாடி வினா. நம்ம ஊர் 'கோடீஸ்வரன்' மாதிரி நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லலாம். நாடே அதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. அதன் பக்கத்து அரை மணி நேரம் இப்போது தங்கம். செய்தி நிகழ்ச்சிக்கு அங்கே என்ன வேலை?

'சீ இட் நவ்' வாராந்திர நேரத்தை இழந்தது. எப்போதாவது ஒளிபரப்பாகி, 1958 ஜூலையில் மொத்தமாக நின்றது. சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி மர்ரோவின் நண்பர்தான். மெக்கார்த்தி நிகழ்ச்சியின்போது பக்கபலமாக நின்றவர்தான். ஆனால் ஒவ்வொரு சர்ச்சையும் தனக்கு வயிற்றுவலி கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்து வினாடி வினா நிகழ்ச்சிகள் பலவற்றில் முன்கூட்டியே பதில் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்ற ஊழல் அடுத்த ஓராண்டில் அம்பலமானது.

சொந்தத் துறையையே கேள்வி கேட்ட பேச்சு

1958 அக்டோபர் 15. சிகாகோவில் வானொலி, தொலைக்காட்சி செய்தி இயக்குநர்கள் சங்கத்தின் விருந்து. அங்கே மர்ரோ பேசியது முதலாளிகளை முகம் சுளிக்கவைத்தது. மக்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் டிவி அவர்களை உலகத்திடமிருந்து மறைத்து வைக்கிறது என்றார். பெரிய நிறுவனங்கள் தங்கள் விளம்பர நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது செய்திக்கும் விவாதத்துக்கும் விட்டுத்தரலாம் என்று யோசனை சொன்னார். டிவி கற்றுக்கொடுக்கும், வெளிச்சம் காட்டும், ஆனால் மனிதர்கள் அதற்கு உறுதி எடுத்தால்தான்; இல்லையென்றால் அது ஒயரும் விளக்கும் நிறைந்த பெட்டி மட்டுமே என்று முடித்தார். பேலியுடன் இருந்த நட்பு அதோடு போனது.

அதே மாதம் தொடங்கிய 'ஸ்மால் வேர்ல்ட்' என்ற அவரது நிகழ்ச்சியின் முதல் விருந்தினர்களில் ஒருவர் இந்தியப் பிரதமர் நேரு.

சிபிஎஸ்-ல் அவரது கடைசிப் பெரிய பங்களிப்பு 1960 நவம்பர் 25-ல் வந்த 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' ஆவணப்படம். அமெரிக்கர்கள் தேங்க்ஸ்கிவிங் விருந்து சாப்பிட்ட மறுநாள், அந்தச் சாப்பாட்டை விளைவிக்கும் இடம்பெயர் கூலித் தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டினார்.

அரசு வேலையும் ஒரு சறுக்கலும்

1961-ல் அதிபர் கென்னடி அவரை அமெரிக்கத் தகவல் முகமையின் இயக்குநராக்கினார். சென்னையில் பழைய தலைமுறை 'யூசிஸ்' என்று சொன்னது இந்த முகமையின் வெளிநாட்டுக் கிளையைத்தான்.

பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு தர்மசங்கடம். 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' படத்தை பிபிசி ஒளிபரப்ப இருந்தது. அமெரிக்காவின் பெயர் கெடும் என்று, அதை நிறுத்தும்படி பிபிசியைக் கேட்டுக்கொண்டார் மர்ரோ. தான் எடுத்த படத்தையே! பிபிசி மறுத்து ஒளிபரப்பியது. விஷயம் வெளியே வந்து கடும் விமர்சனம் எழுந்தது. அதிகாரத்தின் நாற்காலி அவரையும் விட்டுவைக்கவில்லை.

சிகரெட் எழுதிய முடிவு

மர்ரோ ஒரு நாளைக்கு 60 சிகரெட் வரை குடிப்பவர். 1955-ல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்க டிவியில் ஆரம்பத்திலேயே விரிவாகப் பேசிய நிகழ்ச்சியும் அவருடையதுதான். செய்தியைச் சொன்னார். பழக்கத்தை விடவில்லை.

1963-ல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு அரசுப் பதவியை விட்டார். 1964 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். 1965 ஏப்ரல் 27-ல், 57-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், நியூயார்க் மாநிலத்தில் உள்ள தன் பண்ணை வீட்டில் இறந்தார்.

இன்றும் ஏன் பேசுகிறார்கள்?

2005-ல் ஜார்ஜ் க்ளூனி இயக்கிய 'குட் நைட், அண்ட் குட் லக்' படம் இந்தக் கதைதான். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் மர்ரோ பார்வையாளர்களிடம் விடைபெறும் சொற்களே படத்தின் பெயர். 2025-ல் அது பிராட்வே நாடகமானபோது, க்ளூனியே மர்ரோவாக நடித்தார்.

அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சி செய்தியாளர்களுக்கு 1971 முதல் மர்ரோ பெயரில் ஆண்டுதோறும் விருதுகள் தரப்படுகின்றன. அதைக் கொடுப்பது வேறு யாரும் இல்லை. 1958-ல் சிகாகோவில் எந்தச் சங்கத்தின் விருந்தில் நின்றுகொண்டு டிவியின் மனசாட்சியைக் கேள்வி கேட்டாரோ, அதே சங்கம்தான். அந்த விருதுகளில் சிபிஎஸ்-ம் பலமுறை வென்றிருக்கிறது.